பாக்கியம் அம்மாவின் வலது உள்ளங்கை

பதுளையில் வேலை பார்த்த காலத்தில் நான் எழுதிய கடிதங்களுக்குக் கொழும்பு வரை ஒரு பெயர் இருந்தது. இதை நானே சொல்வது அழகில்லைதான். ஆனால் சொல்லாவிட்டால் நான் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தேன் என்பது உங்களுக்கு விளங்காது. நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது பலர் இரண்டு வரி கிறுக்கிக் கொடுப்பார்கள். நான் ஒரு முழுப் பக்கம் எழுதுவேன். “உங்கள் கடிதம் வந்தால் நாங்கள் திரும்பச் சோதிக்கத் தேவையில்லை” என்று கொழும்பிலிருந்து ஒருவர் தொலைபேசியில் சொன்ன அன்று, வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை இரண்டு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை அவள் கறிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள், கேட்டதாகத் தெரியவில்லை. புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாரே, உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால் கொஞ்சம் பயப்படுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளை ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டராகச் சேர்ந்தபோது, கழுத்து நாடி அடைபட்டவர்களுக்கு எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி கழுத்தில் சுருங்கிவிடும். அதன் சுவரில் படிந்த கசடு துணுக்குத் துணுக்காகக் கழன்று மேலே போகும். சிறிய துணுக்கென்றால் பத்து நிமிடம் கை விழும், பேச்சுக் குழறும், பிறகு ஒன்றும் நடக்காதது போல ஆள் எழுந்து உட்காருவார். நாங்கள் அஸ்பிரின் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவோம். பெரிய துணுக்கு போனால் அவரைத் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். தெமோதரையிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என் கையைக் குலுக்கிவிட்டு நடந்து போனார். பதினோராம் நாள் கட்டிலோடு கொண்டுவந்தார்கள். அவர் அதற்குப் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை.

ஆகவே இரண்டாயிரங்களின் பிற்பகுதியில், கழுத்தைத் திறக்காமலேயே நாடிக்குள் மெல்லிய குழாய் விட்டு, சுருங்கிய இடத்தில் வலைக்குழாய் வைத்து விரித்துவிடலாம் என்று வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதிலும் அந்தச் சின்னக் குடை. சுருங்கிய இடத்துக்கு அப்பால், மூளைப் பக்கமாக, ஒரு நுண்ணிய வடிகட்டியைக் குடை போல விரித்து வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். கழலும் கசடு அதற்குள் விழும். முடிந்ததும் குடையை மடித்து வெளியே இழுத்துவிடுவார்கள். இன்று இதை நீங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே படிக்கிறீர்கள். அன்று அந்தக் குடையின் படத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

பாக்கியம் அம்மா வந்தது அப்போதுதான். பூனாகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மகள்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“என்ன செய்யுது, சொல்லுங்கோ” என்றேன்.

“வலது கண்ணுல தெர விழுந்த மாதிரி இருந்துச்சுங்க. பொறகு சரியாப் போச்சு. அடுத்த வாரம் கொழுந்து நிறுக்கிற எடத்துல எடது கையி தொங்கிப் போச்சு. நாக்கும் பொரளல. காலையிலயே சாராயமான்னு கங்காணி கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நாக்குப் பொரண்டாத்தானே சொல்றதுக்கு” என்றார்.

ஸ்கேன் எடுத்தோம். வலது கழுத்து நாடி நூல் போல இருந்தது. இதயம் பலவீனம், ஆகவே கழுத்தைத் திறந்து அறுவை செய்ய மயக்க மருந்து கொடுப்பவர் சம்மதிக்கவில்லை. குழாய் விடுவதென்றால் வழக்கமாகத் தொடை நாடி வழியாகத்தான் போவார்கள். அவருக்கு இரண்டு தொடையிலும் நாடி தட்டுப்படவே இல்லை. கொழும்பில் வெளிநாட்டுப் பயிற்சி முடித்து வந்திருந்த ஒரு நிபுணருக்குத் தொலைபேசி எடுத்தேன். சிங்களவர், என்னைவிட இளையவர், அதிகம் பேச மாட்டார். மணிக்கட்டு நாடி வழியாகக் கழுத்துக்குப் போவதை அவர் அதற்கு முன் இரண்டு பேருக்குத்தான் செய்திருந்தார்.

“வலது மணிக்கட்டால் போகலாம். கையைச் சோதித்து எழுதி அனுப்புங்கள்” என்றார்.

அந்தச் சோதனை உங்களுக்குத் தெரியும். கைக்கு இரத்தம் இரண்டு நாடிகளால் வருகிறது, பெருவிரல் பக்கம் ஒன்று, சுண்டுவிரல் பக்கம் ஒன்று. குழாய் விடுவது பெருவிரல் பக்கத்து நாடியில். அது பிறகு அடைபட்டுப் போனால் மற்றது கையைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே கையை இறுக்கிப் பொத்தச் சொல்லி, இரண்டு நாடிகளையும் அழுத்திப் பிடித்து, கையை விரிக்கச் சொன்னால் உள்ளங்கை வெளுத்திருக்கும். சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் விட்டால் சில நொடியில் சிவக்க வேண்டும். இந்தச் சோதனையை நம்பலாமா என்று இப்போது நீங்கள் சண்டை பிடிக்கிறீர்கள். பிடியுங்கள். எங்களிடம் அன்று இருந்தது அதுதான்.

கிளினிக் வாசல் வரை ஆட்கள் நின்ற ஒரு நாள் நான் அதைச் செய்தேன். கொழுந்து பறிப்பவர்களின் கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தேயிலைப் பால் படிந்து படிந்து விரல்களும் உள்ளங்கையும் கறுப்பும் மண்ணிறமுமாக இருக்கும். அழுத்தினேன், விரிக்கச் சொன்னேன், விட்டேன். சிவந்தது என்று நினைத்தேன். உண்மையில் நான் பார்த்தது கறையை மட்டும்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது, நல்ல கை என்று முதலிலேயே முடிவு கட்டியிருந்தேன். அழகான எழுத்தில் ‘வலது கை: இரு நாடிகளும் நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவருக்கு விசயத்தை விளக்கவும் செய்தேன். அதில் மட்டும் நான் அவசரப்படவில்லை.

“குடையை உள்ளுக்க விரிச்சு, முடிஞ்சதும் மடிச்சு வெளியில எடுத்துப் போடுவினம் அம்மா.”

“மறந்து உள்ளயே விட்டுப்புட மாட்டாங்களே?”

“இல்லை. நான் பக்கத்தில நிப்பன்.”

நான் நிற்பேன் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. இந்த வேலையின்போது நோயாளி விழித்திருக்க வேண்டும். பேச்சுத் தெளிவாக இருக்கிறதா, கை கால் அசைகிறதா என்று நொடிக்கு நொடி பார்க்க வேண்டும். நிபுணருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே தமிழ் தெரிந்த ஒரு டொக்டர் தலைமாட்டில் நிற்பது என்று எங்களுக்குள் முடிவு செய்தோம்.

நாள் கிடைக்க ஐந்து வாரம் ஆனது. வேலைக்குப் போகாமல் லயத்து வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தேன். அதற்கிடையில் இன்னொரு தடவை இடது கை விழுந்தது, இம்முறை அரை மணி நேரம். அடுத்தது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாத்தியாரின் முகம் அடிக்கடி வந்து போனது. அம்புலன்சில் நானும் ஏறி, இரண்டு சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டை காட்டி, கொழும்பு போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாட்டுக்குப் போனேன். அவரைக் கொண்டுபோகத் தள்ளுவண்டி வெளியே நின்றது. பாக்கியம் அம்மா கட்டிலில் உட்கார்ந்து கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐந்து வாரம் கொழுந்து பறிக்காத கை. போதாததற்கு மகள் தேசிக்காய்ச் சாறும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

“பெரிய ஆசுபத்திரிக்குக் கறையோட போனா என்ன நெனப்பாங்கன்னு எம்மக தேச்சு விட்டா. தோலே உரிஞ்சு போச்சு” என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

அன்றுதான் அந்தக் கையை முதல் தடவையாகப் பார்த்தேன். மணிக்கட்டு மடிப்பில், சுண்டுவிரல் பக்கம், பழைய தழும்பு ஒன்று வெள்ளையாக ஓடியது.

“இது என்னம்மா?”

“பழசுங்க. மலையில வழுக்கி விழுந்து, கவ்வாத்து வெட்டுன கட்டை குத்திருச்சு.”

கவ்வாத்து வெட்டிய, அதாவது கிளை கழித்துவிட்ட, தேயிலைக் கட்டை எவ்வளவு கூராக நிற்கும் என்று தோட்டத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும். கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து சோதனையைத் திரும்பச் செய்தேன். உள்ளங்கை வெளுத்தது. சுண்டுவிரல் பக்கத்தை விட்டேன். வெளுத்தபடியே இருந்தது. மனதுக்குள் இருபது வரை எண்ணினேன். அப்படியேதான் இருந்தது. அந்த நாடி எப்போதோ செத்துவிட்டது. அந்தக் கை முழுவதும் நாங்கள் குழாய் விடப்போகும் ஒரே நாடியில் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தது.

“காலமை குளிருக்கு விரல் வெளுக்குமோ?”

கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். “வெளுக்குங்க. கக்கத்துல வச்சிக்கிட்டா சரியாயிரும்.”

“அதை ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

“கையி சரியில்லன்னு ஒரு தடவ எழுதிட்டா செக்ரோல்ல பேர வெட்டி வேலைய நிப்பாட்டிருவாங்கன்னு பயந்துதாங்க. இத்தன வருசமா யாருக்கும் சொன்னதில்ல. ஐயாவும் எழுதுறவங்கதானே.”

பதினைந்து வருடத்துக்கு மேல் அந்த மக்களுக்கு மத்தியில் வேலை செய்தவன் நான். ஒரே மொழி பேசுகிறோம், ஆகவே என்னிடம் எல்லாம் சொல்வார்கள் என்று நம்பியிருந்தேன். அவருக்கு நான் வெள்ளைச் சட்டையும் பேனாவுமாக வந்த இன்னொரு துரை.

நான் எழுந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். “சொல்லிப்புடாதீங்க ஐயா. இன்னைக்கு விட்டா பொறகு எப்பக் கூப்புடுவாங்களோ. ஒரு கையி போனா இன்னொன்னு இருக்கு. தலை போச்சுன்னா எம்மகதான் அள்ளிப் போடணும். மறச்சேன்னு காயிதத்துல மட்டும் ஏத்திராதீங்க.”

தாழ்வாரத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்காது. அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், ஏனென்றால் உங்களுக்கும் அது வரும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் வாயைத் திறந்தால் இன்றைய வேலை நிற்கலாம், அடுத்த நாள் கிடைப்பதற்குள் பெரிய துணுக்குப் போய்விடலாம். குழாய் விட்ட நாடி எல்லாருக்கும் அடைபடுவதும் இல்லை. எதுவும் ஆகாமல் போகலாம்; அப்படியே கை போனாலும் அது அவர் மறைத்ததால் வந்ததா நான் சரியாகப் பார்க்காததால் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவு நல்ல நியாயங்களுக்கு அடியில் எனக்கு என் கடிதங்களின் பெயர்தான் கவலையாக இருந்தது. அது விளங்கியதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. போய்க் கதவைத் தள்ளினேன்.

நிபுணர் கை கழுவி உடுப்பு மாற்றி நின்றார். கண்ணாடிக்கு அப்பால் வேலையைப் பார்க்க நாலைந்து டொக்டர்மார் வந்திருந்தார்கள். தள்ளுவண்டியும் எனக்குப் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டது. நான் சிங்களத்தில் சொன்னேன்: “என் கடிதத்தில் எழுதியது பிழை. வலது கைக்கு ஒரு நாடிதான் இருக்கிறது. இவர் பழைய காயத்தைப் பற்றி என்னிடம் சொன்னார். நான்தான் கவனிக்காமல் எழுதிவிட்டேன்.”

சொன்னார் என்றது பொய். காகிதத்தில் ஏற்றாதீர்கள் என்று கேட்டவரை மேசையில் படுக்க வைத்துவிட்டு எப்படிக் காட்டிக்கொடுப்பது?

நிபுணர் என்னைப் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வலது உள்ளங்கையைத் தானே சோதித்தார். பிறகு இடதை. இடது கை நொடியில் சிவந்தது. மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். எல்லாமே வலது பக்கத்துக்கென்று அடுக்கி வைத்திருந்தது. இடது மணிக்கட்டால் எதிர்ப் பக்கத்துக் கழுத்துக்கு அவர் அதுவரை போனதே இல்லை. ஸ்கேன் படத்தை எடுத்து நீண்ட நேரம் பார்த்தார்.

“நெஞ்சு நாடியின் வளைவு மோசமில்லை. எல்லாவற்றையும் இடது பக்கத்துக்கு மாற்றுங்கள்” என்றார் தாதிமாரிடம். என்னிடம், “வேலை முடிந்த பிறகு இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசுவோம்” என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஈய அங்கியை மாட்டிக்கொண்டு தலைமாட்டில் நின்றேன். பேச்சை விடாமல் பார்க்க வேண்டும் என்பதால், பாக்கியம் அம்மாவின் நிரையில் யார் யார் கொழுந்து பறிக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். மாரியாயி, செல்லம்மா, ராஜேஸ்வரி, அவளுக்குப் பக்கத்தில் வாயாடி ஒருத்தி என்று ஆள் ஆளாகக் குறை சொல்லிக்கொண்டே போனார். குழாய் மணிக்கட்டிலிருந்து தோளுக்கு ஏறி, வளைந்து, இரண்டு தடவை நழுவி, மூன்றாம் தடவை வலது கழுத்துக்குள் போனது. குடை விரிந்தது. வலைக்குழாய் இறங்கியது. பிறகு அதை நாடிச் சுவரோடு பொருத்த உள்ளே பலூனை ஊதினார்கள்.

“செல்லம்மா மக” என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார்.

“அம்மா, சொல்லுங்கோ. செல்லம்மாவின்ர மகள் என்ன செய்யிறா?”

கண் மேலே போயிருந்தது. திரையில் நாடித் துடிப்பு எழுபதிலிருந்து நாற்பதுக்கு விழுந்து, முப்பதுக்குப் போனது. கழுத்து நாடியை உள்ளிருந்து அழுத்தும்போது இது வரும் என்று நான் படித்திருக்கிறேன். படித்தது அந்த நேரத்தில் எதற்கும் உதவவில்லை. பலூனைச் சுருக்கினார்கள், ஊசி போட்டார்கள். நான் அவர் காதுக்குள் “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வேறு சொல் எதுவும் எனக்கு வரவில்லை. துடிப்பு நாற்பது, ஐம்பது என்று ஏறத் தொடங்கியது. வாய் மட்டும் திறக்கவில்லை.

“பேச்சு?” என்று நிபுணர் கேட்டார்.

“இன்னும் இல்லை” என்றேன்.

அப்போது பாக்கியம் அம்மா கண்ணைத் திறந்து, என்னைத் தாண்டி நிபுணரைப் பார்த்து, சுத்தமான சிங்களத்தில் பேசினார்.

“மாத்தயா, இந்த டொக்டரை ஏசாதீர்கள். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் எனக்காகப் பொய் சொல்கிறார். கையை மறைத்தது நான்.”

பிறந்ததிலிருந்து சிங்களக் கிராமங்களை அடுத்திருந்த தோட்டத்தில் வாழ்ந்தவர், கிழமைக்கு ஒரு தடவை அவர்களுடைய சந்தையில் மரக்கறி வாங்கியவர். சிங்களம் தெரியுமா என்று அவரை நான் கேட்கவே இல்லை. மொழிபெயர்ப்பதற்கென்று இருநூறு கிலோமீற்றர் கடந்து வந்தவனுக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை.

நிபுணரின் முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிரித்தன. “பேச்சு என்னுடையதைவிடத் தெளிவாக இருக்கிறது” என்றார். “அம்மா, டொக்டருடன் பிறகு சண்டை பிடிக்கலாம். இப்போது இடது காலை அசையுங்கள்.”

கால் அசைந்தது. விரல்களும் அசைந்தன. நான் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். ஈய அங்கியோடு கண்ணைத் துடைப்பது சுலபமான காரியமில்லை.

குடையை மடித்து வெளியே எடுத்தபோது அதற்குள் மஞ்சளாக நாலைந்து துணுக்குகள் கிடந்தன. ஒன்று அரிசிக் குறுணி அளவு. தனக்குக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தார் பாக்கியம் அம்மா.

“இம்புட்டுத்தானா?” என்று கேட்டார்.

கடிதத்தைப் பற்றி நிபுணர் பிறகு பேசத்தான் செய்தார். தாழ்வாரத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டு, “இனி உங்கள் கடிதம் வந்தாலும் நான் திரும்பச் சோதிப்பேன்” என்றார். பிறகு, “கதவைத் தள்ளிக்கொண்டு வந்ததற்கு நன்றி” என்றார். அதற்குப் பின் அந்த மனிதர் எனக்கு எத்தனையோ நோயாளிகளைக் காப்பாற்றித் தந்தார். ஒவ்வொருவரின் கையையும் அவர் திரும்பச் சோதித்தார் என்று எனக்குத் தெரியும். அதற்காக அவருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

பாக்கியம் அம்மா இன்னும் சில வருடம் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனார். தோட்டத்துக்குக் கொடுத்த கடிதத்தில் அந்தக் கையைப் பற்றி என்ன எழுத வேண்டும், என்ன எழுதக்கூடாது என்று அவரையே கேட்டுத்தான் எழுதினேன். இரு மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக்குக்கு வருவார். உட்காருவதற்கு முன்பே வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைப்பார்.

“இந்த மாசம் சுண்டுவெரலு ரெண்டு நாளு மரத்துப் போச்சுங்க. போன வெள்ளிக்கெழம கக்கத்துல வச்சும் சூடு வரல. அப்புறம், போன தடவ ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன், அதையும் எழுதிக்கங்க” என்பார்.

வாசல் வரை ஆட்கள் நிற்பார்கள். நான் எழுதிக்கொள்வேன்.